டிரைவர் வருமுன் திரையில் எழுதுவது யார்?

பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரியைத் தாண்டிக் கேளம்பாக்கம் போகும் வழியில் இருக்கிறது படூர். கல்லூரி, விடுதி, அடுக்குமாடி என்று சாலையோரம் நெருங்கிவிட்ட ஊர். இங்குள்ள ஒரு கணினி ஆய்வகத்தில் கரண்ட் போய்த் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக இருக்கும் கணினிகளை மாணவர்கள் ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்புகிறார்கள். முதலில் தயாரித்த நிறுவனத்தின் சின்னம் தெரிகிறது. லினக்ஸ் போட்ட கணினியென்றால் அடுத்துக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடுகின்றன. நடுவில் ஒரு கணம் திரை அணைகிறது. மறுபடி எரியும்போது எழுத்துகள் சின்னதாகவும் கூர்மையாகவும் மாறியிருக்கின்றன. பிறகு கடவுச்சொல் கேட்கும் பக்கம்.

தினமும் பார்ப்பதுதான். ஆனால் லினக்ஸைத் தானே நிறுவிப் பார்த்த எவருக்கும் இதில் ஒரு கேள்வி உறுத்தும். திரையில் படம் வர டிரைவர் வேண்டும் என்கிறார்கள். அந்த டிரைவர் ஒரு மென்பொருள், அது வட்டில் இருக்கிறது. வட்டையே இன்னும் படிக்காத நேரத்தில் அந்தச் சின்னத்தை வரைந்தது யார்? வெள்ளை எழுத்துகளை எழுதியது யார்? நடுவில் திரை ஏன் அணைந்தது?

ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் சிக்கல்

கணினியை உண்மையில் ஆளும் நிரல், இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல். நினைவகத்தைப் பங்கிடுவது, எந்த நிரல் எப்போது ஓடும் என்று முடிவுசெய்வது, வன்பொருளோடு பேசுவது எல்லாம் அதன் வேலை. ஒவ்வொரு வன்பொருளோடும் பேசத் தெரிந்த பகுதிக்கு டிரைவர் என்று பெயர்.

காட்சிச் சில்லின் டிரைவர் சாதாரணமானதல்ல. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் இருக்கும் டிரைவர்களிலேயே மிகப் பெரியது ஏஎம்டி காட்சிச் சில்லுகளுக்கானது. அதை எழுப்ப வேண்டுமானால் முதலில் நினைவக நிர்வாகம் தயாராக வேண்டும். தாய்ப்பலகையில் என்னென்ன அட்டைகள் செருகியிருக்கின்றன என்று கணக்கெடுப்பு முடிய வேண்டும். சில்லுக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல்கள் தனிக் கோப்புகளாக இருக்கும். அவற்றையும் எங்கிருந்தாவது படிக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஏதாவது தவறினால் அதைச் சொல்லத் திரை வேண்டும். வட்டைக் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதை அறிவிக்கத் திரை தேவை. திரையை முழுமையாக எழுப்பவோ வட்டிலிருக்கும் கோப்பு தேவை. கெர்னலுக்கு மிக இக்கட்டான இந்த நேரத்தில்தான் அதற்கு வாய் வேண்டியிருக்கிறது.

ஆகவே, சில்லைப் பற்றி எதுவுமே தெரியாமல் திரையில் எழுத ஒரு வழி வேண்டும். அப்படி ஒரு வழி இருக்கிறது. கணினித் துறையின் மிக அழகான எளிமைகளில் அதுவும் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

எண்பது எழுத்து, இருபத்தைந்து வரி

1981-இல் வந்த ஐபிஎம் பீசியில் இந்தச் சிக்கலே இல்லை. அதன் வண்ணக் காட்சி அட்டையில் நினைவகத்தின் 7,53,664-ஆவது பைட்டிலிருந்து எழுத்துகளை வரிசையாக வைத்தால் போதும். அட்டையே அவற்றை வரைந்துவிடும். எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட். 80 எழுத்து, 25 வரி. மொத்தம் 4,000 பைட். 1987-இல் வந்த விஜிஏ தரமும் இதே முகவரியைக் காப்பாற்றியது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய முதல் லினக்ஸும் இப்படித்தான் திரையில் பேசியது.

இன்றைய கணினிகளில் பெரும்பாலானவை விழித்தெழும்போது அந்த எழுத்து முறையில் இருப்பதில்லை. திரை முழுவதும் புள்ளிகள்தான். ‘அ’ வேண்டுமோ ‘ஏ’ வேண்டுமோ, புள்ளி புள்ளியாக நாமே வரைந்தாக வேண்டும்.

நிலைபொருள் விட்டுச் செல்லும் ஐந்து விவரங்கள்

பொத்தானை அழுத்தியதும் முதலில் ஓடுவது கெர்னல் இல்லை. தாய்ப்பலகையின் சில்லிலேயே பதிந்திருக்கும் நிலைபொருள் அது. முன்பு பயாஸ், இப்போது யூஇஎஃப்ஐ. காட்சிச் சில்லைச் செய்த நிறுவனம் தந்த ஒரு சிறு காட்சி நிரல் இதற்குள் இருக்கிறது, அல்லது காட்சி அட்டையிலேயே பதிந்திருக்கிறது. திரையை எரியவைப்பதும் நிறுவனத்தின் சின்னத்தை வரைவதும் அந்த நிரல்தான். முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

அப்படியானால் கெர்னலும் அந்த நிரலையே கூப்பிட்டு எழுதச் சொல்லலாமே? முடியாது. கெர்னல் பொறுப்பேற்கும் கட்டத்தில் நிலைபொருளிடம் ‘தொடக்க நேரச் சேவைகளை முடித்துக்கொள்’ என்று ஒரு கட்டளை போகிறது. அதன் பிறகு அந்தக் காட்சி நிரலைக் கூப்பிடவே கூடாது. அது இருந்த நினைவகத்தைக்கூடக் கெர்னல் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும்.

நிரல் போனாலும் திரை எரிந்துகொண்டேதான் இருக்கிறது. காட்சிச் சில்லு நினைவகத்தின் ஒரு பகுதியை நொடிக்கு 60 முறை படித்துத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது; நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பகுதியைத் திரை நினைவகம் என்று அழைப்போம். அங்கே எந்த எண்ணை எழுதினாலும், அடுத்த சுற்றில் அது ஒளியாகத் தெரியும்.

கெர்னலுக்குத் தெரிய வேண்டியவை ஐந்துதான். திரை நினைவகம் எந்த முகவரியில் தொடங்குகிறது? அகலம் எத்தனை புள்ளி? உயரம் எத்தனை? ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்க எத்தனை பைட் தள்ளிப் போக வேண்டும்? ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் எந்த வரிசையில் வரும்? நிலைபொருள் விடைபெறுவதற்கு முன்பே இவற்றைக் கேட்டு வாங்கி, ஒரு சிறு அட்டவணையில் எழுதிவைத்துக்கொள்கிறது கெர்னலின் தொடக்கப் பகுதி. அவ்வளவு போதும். சில்லு இன்டெலா, ஏஎம்டியா, என்விடியாவா என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை.

ஒரு புள்ளியை வைத்துப் பார்ப்போம்

அந்த ஐந்தில் நான்காவதைப் புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவார்கள். அகலம் தெரிந்தால் வரியின் நீளமும் தெரிந்துவிடாதா என்று தோன்றும். ஒரு உதாரணத்தைக் கடைசிவரை கணக்கிட்டுப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

விலை குறைந்த மடிக்கணினிகளில் பல ஆண்டுகள் பரவலாக இருந்த திரை 1366 × 768. மொத்தம் 10,49,088 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட்: நீலம், பச்சை, சிவப்பு, பயன்படாத ஒன்று. ஆக ஒரு வரிக்கு 5,464 பைட் போதும். ஆனால் பல காட்சிச் சில்லுகளுக்கு ஒவ்வொரு வரியும் 64-இன் மடங்கில் முடிய வேண்டும். அப்போதுதான் நினைவகத்தைக் கொத்துக் கொத்தாக வேகமாகப் படிக்க முடியும். 5,464 என்பது 64-ஆல் வகுபடாது. அடுத்த மடங்கு 5,504. வரிக்கு 40 பைட், அதாவது 10 புள்ளிக்கான இடம், வெறுமனே விடப்படுகிறது. அது திரையில் தெரியாது. இந்த 5,504-ஐ வரிநீளம் என்போம்.

இப்போது மேலிருந்து 300-ஆவது வரியில், இடமிருந்து 200-ஆவது இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்க வேண்டும். இரண்டையும் பூஜ்யத்திலிருந்து எண்ணுவோம். 300 வரிகளைக் கடக்க 16,51,200 பைட். அங்கிருந்து 200 புள்ளிகளைக் கடக்க 800 பைட். ஆகத் தொடக்க முகவரியிலிருந்து 16,52,000 பைட் தள்ளி நான்கு பைட்டுகளை எழுதினால், புள்ளி சரியான இடத்தில் ஒளிரும்.

வரிநீளத்தை 5,464 என்று தவறாக எடுத்துக்கொண்டால்? கணக்கு 16,40,000 என்று வரும். காட்சிச் சில்லோ தன் 5,504 கணக்கிலேயே படிக்கிறது. அதன்படி இந்த இடம் 297-ஆவது வரியின் 1328-ஆவது புள்ளி. இடப்பக்கம் வைத்த புள்ளி வலது ஓரத்தில் போய் நிற்கிறது!

ஒரு புள்ளிக்கே இப்படி என்றால் முழுப் படத்துக்கு? நேராக இழுத்த செங்குத்துக் கோடு, வரிக்குப் பத்துப் புள்ளி வீதம் இடப்புறம் நகர்ந்துகொண்டே போகும். 137 வரிக்குள் திரையின் முழு அகலத்தையும் கடந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். புள்ளிக் கோலத்தில் ஒவ்வொரு வரிசையிலும் அதே அளவு கை தள்ளிப் புள்ளி வைத்தால் கோலம் முழுதும் சாய்ந்துவிடுமே, அதேதான் இங்கேயும். சாய்வாகக் கிழித்து அடுக்கியதுபோல் பூட் திரை தெரிந்தால், வரிநீளத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நிற வரிசை தவறினால் விளைவு வேறு மாதிரி. வடிவம் கெடாது, சிவப்பும் நீலமும் இடம் மாறும். லினக்ஸ் எழும்போது சில அமைப்புகளில் மேல் மூலையில் பென்குயின் படம் வரும். 1996-இல் லாரி ஈவிங் வரைந்த, லினக்ஸின் சின்னமான டக்ஸின் 80 × 80 புள்ளி வடிவம் அது; செயலியில் எத்தனை கருக்களோ வழக்கமாக அத்தனை பென்குயின்கள். நிற வரிசை பிசகினால் அதன் மஞ்சள் அலகு வெளிர்நீலமாகிவிடும், ஏனென்றால் மஞ்சளில் இருந்த சிவப்பு நீலமாகப் போய்விட்டது.

எழுத்து எழுதுவதும் இதே கணக்குத்தான். கெர்னலுக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரத்தில் ஒரு கறுப்பு வெள்ளை அச்சு இருக்கிறது. அதைப் பார்த்து 128 புள்ளிகளை நிரப்பினால் ஒரு எழுத்து. நம் உதாரணத் திரையில் ஒரு வரிக்கு 170 எழுத்து, மொத்தம் 48 வரி. வலது ஓரத்தில் 6 புள்ளி மீந்து கறுப்பாகவே கிடக்கும்.

திரை நினைவகத்தில் எழுதுவது வேகம். அதிலிருந்து திரும்பப் படிப்பது மிகவும் மெதுவானது. வரிகளை மேலே தள்ளுவதற்குப் படித்துப் படித்து நகலெடுத்தால் எழுத்துகள் தள்ளாடும். அதனால் புதிய முறையில், திரையின் நகல் ஒன்றைச் சாதாரண நினைவகத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே எழுதி, மாறிய பகுதியை மட்டும் திரை நினைவகத்துக்கு அனுப்புகிறார்கள்.

திரைக்கு ஒரு பெயர்

ஐந்து விவரம் கையில் இருந்தால் கெர்னலின் எந்த மூலையிலிருந்தும் எழுதிவிடலாமே என்று கேட்கலாம். எழுதலாம். ஆனால் யார் எப்போது எழுதுகிறார்கள் என்ற ஒழுங்கு இருக்காது. லினக்ஸில் எந்த வன்பொருளும் ‘சாதனம்’ என்ற பெயரில் பதிவாக வேண்டும். பதிவான சாதனத்துக்கு ஒரு டிரைவர் பொறுப்பேற்க வேண்டும். எனவே சிஸ்எஃப்பி என்ற சிறு பகுதி அந்த அட்டவணையைப் படித்து, ‘எளிய திரை’ என்ற ஒரு சாதனத்தைப் பதிவுசெய்கிறது. நிலைபொருள் விட்டுச்சென்ற வெளிச்சத்துக்கு இங்கேதான் கெர்னலில் ஒரு பெயரும் முகவரியும் கிடைக்கின்றன.

அதை ஏற்று நடத்தும் டிரைவர்கள் காலத்துக்குக் காலம் மாறின. பயாஸ் காலத்தில் வேசா-எஃப்பி, யூஇஎஃப்ஐ வந்தபின் ஈஎஃப்ஐ-எஃப்பி. 2021 ஆகஸ்டில் வெளியான லினக்ஸ் 5.14-இல் சிம்பிள்-டிஆர்எம் சேர்ந்தது. பெரிய காட்சி டிரைவர்கள் எந்தக் கட்டமைப்பில் இருக்கின்றனவோ, அதே கட்டமைப்பில் இந்தச் சிறு டிரைவரையும் கொண்டுவந்தது அதன் சிறப்பு.

தமிழ்நாட்டில் ஏராளமான மாணவர்கள் பயாஸ் காலத்துப் பழைய தலைமுறையைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அக்காலத்தில் பயாஸ் முறையே பரவல். பல பயாஸ்களின் காட்சிப் பட்டியலில் 1366 × 768 இருக்காது. 1024 × 768 இருக்கும். அந்த அளவில் எழுதிய படத்தைத் திரை தன் அகலத்துக்கு இழுத்துக்கொள்ளும். எழுத்து முதலில் பருத்து மங்கலாகத் தெரிந்து, பிறகு சட்டென்று கூர்மையாவது இதனால்தான்.

எளிய திரை பதிவாகும் முன்னரே கெர்னல் பேசத் தொடங்கியிருக்கும். அந்தச் செய்திகள் எங்கே போகின்றன? அதுவரை ஒரு பொம்மைத் திரைதான் இணைந்திருக்கிறது. எழுதினால் வாங்கிக்கொள்ளும், எதையும் காட்டாது. ஆனால் எல்லாச் செய்திகளும் நினைவகத்தில் ஒரு பதிவேட்டில் சேர்கின்றன. உண்மையான திரை இணைந்தவுடன் அந்தப் பதிவேடு முதலிலிருந்து ஓட்டிக் காட்டப்படுகிறது. தொடக்கத்தில் எழுத்துகள் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்: அப்போது நாம் பார்ப்பது ஏற்கெனவே நடந்து முடிந்தவற்றை.

கைமாறும் நொடி

கணக்கெடுப்பு முடிந்து உண்மையான டிரைவர் வந்துவிட்டது. இப்போது ஒரே திரை நினைவகத்துக்கு இரண்டு பொறுப்பாளர்கள். பெரிய டிரைவர் அந்த நினைவகத்தை இடம் மாற்றும், வேறு வேலைக்கு எடுக்கும். பழைய முகவரியிலேயே சிறியவர் எழுதிக்கொண்டிருந்தால், எதன் மேல் எழுதுகிறோம் என்றே தெரியாமல் எழுதுவார்.

எனவே பெரிய டிரைவர் முதலில் கெர்னலிடம் தன் சில்லுக்குரிய முகவரிப் பரப்பைச் சொல்கிறது. அந்தப் பரப்புக்குள் வரும் எளிய திரையைக் கெர்னல் கழற்றிவிடுகிறது. இரண்டு காட்சிச் சில்லு உள்ள மடிக்கணினிகளிலும் இதே முகவரிதான் துப்பு. திரை நினைவகம் எந்தச் சில்லின் பரப்புக்குள் விழுகிறதோ, அதுவே நிலைபொருள் பயன்படுத்திய சில்லு என்று கெர்னல் கண்டுகொள்கிறது.

திரை அணைவது இந்த நொடியில்தான். பெரிய டிரைவர் கடிகாரங்களையும் இணைப்புகளையும் தன் விருப்பப்படி புதிதாக அமைக்க, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தொடங்குகிறது. மடிக்கணினித் திரைக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தினால், மறுபடி கொடுப்பதற்குள் ஏறக்குறைய அரை நொடி காத்திருக்க வேண்டிவரும். இருக்கிற அமைப்பை அப்படியே படித்து ஏற்றுக்கொண்டால் இந்த இருட்டு வேண்டாம். இன்டெல் டிரைவர் புதிய தலைமுறைச் சில்லுகளில் 2019 முதல் வழக்கமாகவே அப்படிச் செய்கிறது. நிறுவனத்தின் சின்னத்தைக்கூட நிலைபொருள் ஒரு படக் கோப்பாக நினைவகத்தில் விட்டுச்செல்லும். இயங்குதளம் அதே இடத்தில் அதை மறுபடி வரைந்து, எதுவும் நடக்காததுபோல் தொடர முடியும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மனம் ஒப்பாத இடம் ஒன்று உண்டு. எளிய திரையைக் கழற்றிய பிறகு பெரிய டிரைவர் தன் வேலையில் தோற்றுப்போனால், திரும்பிப் போக வழி இல்லை. கணினி உள்ளே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் திரை இருண்டே கிடக்கும். புதிய கணினியில் லினக்ஸ் நிறுவும்போது பலரை மிரட்டி விரட்டிய கறுப்புத் திரைகளில் பல இந்த வகைதான். அப்போது, எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலில் ‘நோமோட்செட்’ என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்க்கச் சொல்வார்கள். பெரிய டிரைவர்களே, நீங்கள் வர வேண்டாம் என்பது அதன் பொருள். நிலைபொருள் விட்டுச்சென்ற திரையே கடைசிவரை தொடரும். வேகம் இருக்காது, இன்னொரு மானிட்டரை இணைக்க முடியாது, ஆனால் கண் தெரியும்.

கைப்பேசி, சிறு பலகைக் கணினி போன்றவற்றின் ஆர்ம் சில்லுகளில் இன்னொரு விபத்து நடந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, தொடக்கம் முடியும் நேரத்தில் யாரும் உரிமை கோராத கடிகாரங்களைக் கெர்னல் அணைத்துவிடும். எளிய திரையோ சில்லைப் பற்றி எதுவும் அறியாதது, எந்தக் கடிகாரத்தையும் கோராதது. விளைவு, நன்றாக எரிந்துகொண்டிருந்த திரை திடீரென்று செத்துவிடும். எந்தெந்தக் கடிகாரம் தனக்கு வேண்டும் என்று எளிய திரையும் சொல்லும்படி பின்னர் அதன் விவரக் குறிப்பை விரிவாக்கினார்கள்.

தமிழில் எழுமா?

படூரிலோ செங்கல்பட்டிலோ தமிழ் வழியில் படித்து வரும் ஒரு மாணவி கேட்கக்கூடிய கேள்வி இது. அது கேட்கப்பட வேண்டிய கேள்வி என்பதே என் எண்ணம். புள்ளிதான் வைக்கிறோம் என்றால், அந்த வெள்ளை எழுத்துகள் தமிழில் ஓடக் கூடாதா?

கெர்னலின் எழுத்துத் திரை 256 வடிவங்களை ஏற்கும். எழுத்தின் பிரகாசத்தைக் குறிக்கும் ஒரு பிட்டை விட்டுக்கொடுத்தால் 512 ஆகும். தமிழின் 247 எழுத்துகளும் கிரந்தமும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். தடை எண்ணிக்கையில் இல்லை. ‘கொ’ என்பது யூனிகோடில் இரண்டு குறிகள். திரையில் மூன்று வடிவங்கள். அதில் ஒன்று ககரத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். கெர்னலோ ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்றுதான் அறியும். குறிகளைச் சேர்த்து, முன்பின் மாற்றி வரையும் வேலை அதற்குள் இல்லை. 8 புள்ளி அகலக் கட்டத்தில் ‘ணை’யையும் ‘ஔ’வையும் படிக்கும்படி வரைவதும் கடினம். இவ்வளவு பெரிய வேலையைக் கெர்னலுக்குள் வைத்தால், ஒரு எழுத்துருவின் பிழை கணினியையே நிறுத்திவிடலாம். அதனால் அதை வெளியே வைத்திருப்பது சரியென்றே நான் சொல்வேன்.

வெளியே அது முடியும். பிளைமவுத் என்ற நிரல் 2008 முதல் ஃபெடோராவிலும் பின்னர் மற்ற லினக்ஸ்களிலும் தொடக்கத் திரையை வரைகிறது. கெர்னல் எழுந்த கொஞ்ச நேரத்திலேயே, எளிய திரையின் மீதே, அது படமும் எழுத்தும் காட்டும். தமிழைச் சரியாகக் கோத்து வரையும் நூலகத்தையும் அதனால் பயன்படுத்த முடியும். வட்டு பூட்டப்பட்டிருந்தால் கடவுச்சொல் கேட்பதும் இதுதான். ஆனால் தமிழ் எழுத்துரு வட்டில் இருக்கிறது, வட்டைத் திறக்கவோ கடவுச்சொல் வேண்டும். எழுத்துருக் கோப்பை, கெர்னலோடு முன்கூட்டியே நினைவகத்தில் ஏறும் சிறு பொதிக்குள் சேர்த்தாக வேண்டும். அந்தப் பொதியில் பெரும்பாலும் ஒன்றிரண்டு லத்தீன் எழுத்துருக்களே இருக்கும்; தமிழுக்கு வெறும் கட்டங்கள்தான் தெரியும். சேர்க்க வேண்டியது ஒரு கோப்பும், பொதி கட்டும் நிரலில் அதன் பாதையைச் சொல்லும் ஒரு வரியும். ஒரு கல்லூரி மாணவி ஒரு மாலைப் பொழுதில் தன் மடிக்கணினியில் செய்து பார்க்கக்கூடிய வேலை அது.